முழுக்கோழி சுட பிராய்லரா, நாட்டுக்கோழியா?

முதன்முறை ஓவனில் முழுக்கோழி சுடுபவர்கள் பிராய்லரே வாங்குங்கள். ஆறேழு வாரத்து இளங்கறி. ஒன்றேகால் கிலோ கோழி 200 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே வெந்துவிடும். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 74 டிகிரி காட்ட வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், தோல் சிவந்தும் உள்ளே பச்சையாக இருக்கும்.

நாட்டுக்கோழி மாதக்கணக்கில் மேய்ந்து கால் முறுக்கேறியது. வறண்ட சூட்டில் இறுகிவிடும். மதுரையில் என் தம்பி அப்படிச் சுட்டதை அம்மாச்சி ஒரு கடி கடித்துவிட்டு, "ஏய்யா, இதைச் சட்டியில போடுய்யா" என்றார். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், மிளகு, அரைச்செம்பு தண்ணீர். மூடி வைத்து ஒரு மணி நேரம் வேகவிட்டார். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றது. ருசியில் பிராய்லர் அதன் பக்கத்தில்கூட வராது.