‘டக்’ சத்தத்தை நம்பி டோர்க் ரென்ச் வாங்காதீர்கள்

போன மாதம் நுவரெலியா டவுனில் ஒரு கடையில் டோர்க் ரென்ச் ஒன்று வாங்கினேன். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை இதில் வைத்து இழுத்தால், அளவு வந்ததும் ‘டக்’ என்று அடிக்கும். 14,500 ரூபா. 28 முதல் 210 நியூட்டன் மீற்றர் (இறுக்கும் முறுக்கு விசையின் அலகு) வரை அளவு போட்டிருந்தது. கடை முதலாளி அதைக் கையில் எடுத்து, குறைந்த அளவில் வைத்து, டக், டக் என்று அடித்துக் காட்டினார். “கெலிபரேட் பண்ணின சாமான் தம்பி, பேப்பரும் உள்ளே இருக்கு. நட்டைக் கழற்றவும் இதையே பாவிக்கலாம்” என்றார். அதே பெட்டிகள் அலுமாரியில் இன்னும் ஏழெட்டு இருந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது பழைய டொயோட்டா விட்ஸ். வீல் நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர். ஞாயிற்றுக்கிழமை முன் பிரேக் பேட்டை மாற்றி, காரை ஜாக்கியிலிருந்து இறக்கிவிட்டு ரென்சைப் போட்டேன். டக் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். இறுகிக்கொண்டே வந்த நட், திடீரென்று இளகிச் சுற்றத் தொடங்கியது. கை அதை உடனே உணர்ந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். கழற்றிப் பார்த்தால் ஸ்டட், அதாவது நட் ஏறும் புரி போட்ட கம்பி, நடுவில் மெலிந்து, புரிகளுக்கு இடைவெளி கூடியிருந்தது. வேறு நட்டைப் போட்டுப் பார்த்தேன், அந்த இடம் வந்ததும் அதுவும் சிக்கிக்கொண்டது. மறுநாள் விடிய, பிள்ளைகளோடு றம்பொடை வளைவுகளில் கண்டிக்கு இறங்க இருந்தோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் வெல்டிங் வேலை செய்பவர். அவருடைய வைஸில் ரென்சின் சதுர முனையைப் பிடித்து, தண்டைக் கிடையாக வைத்தோம். முனையின் நடுவிலிருந்து சரியாக 40 சென்ரிமீற்றரில், கைப்பிடியில், 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். 25 கிலோவை 9.81ஆல் பெருக்கி, அதை 0.4 மீற்றரால் பெருக்கினால் 98 நியூட்டன் மீற்றர். ரென்சை 98இல் வைத்திருந்தோம். மூட்டை அப்படியே தொங்கியது, சத்தமே இல்லை. ஐந்து கிலோ மா பையைச் சேர்த்தோம், இல்லை. இன்னொரு ஐந்து கிலோ சேர்த்த பிறகுதான் டக் என்றது. அதாவது 137. திரும்பச் செய்து பார்த்தபோது 30 கிலோவிலேயே அடித்தது. பிழையாக இருந்தாலும் ஒரே மாதிரி இருந்தால் கணக்குப் பண்ணிச் சமாளிக்கலாம். இது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. நல்ல ரென்ச் என்றால் இந்த ரென்ச்களுக்கான சர்வதேச தரமான ஐ.எஸ்.ஓ. 6789இன்படி இந்த அளவுகளில் 4 சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது.

அப்புறம்தான் பெட்டிக்குள் இருந்த அந்தப் பேப்பரை, அதாவது ரென்ச் சரியாக அளக்கிறது என்று சோதித்துக் கொடுக்கும் கெலிபரேஷன் சான்றிதழை, ஒழுங்காகப் பார்த்தேன். போட்டோ கொப்பி. அதில் இருந்த தொடர் இலக்கம் வேறு, ரென்சில் அடித்திருந்த இலக்கம் வேறு. திரும்பக் கொண்டுபோனேன். “நீங்கதான் பலமா இழுத்துட்டீங்க தம்பி” என்றார் முதலாளி. இலக்கத்தைக் காட்டியதும், பில்லைக் கேட்டார். பில்லில் ‘டூல்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பணம் வரவில்லை.

நீங்கள் வாங்கும்போது ரென்சின் இலக்கமும் சான்றிதழின் இலக்கமும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். அந்த இலக்கத்தையும் மாடலையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்க வேண்டாம். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு சொல்லியிருக்கிறேன்.

கடை முதலாளி சொன்ன இன்னொன்றும் தவறு. நட்டைக் கழற்ற இதைப் பாவிக்கவே கூடாது, அதற்குச் சாதாரண வீல் ஸ்பேனர் போதும். இறுக்கும்போது மெதுவாக இழுங்கள், முதல் டக்கிலேயே நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னொரு டக் அடிப்பவர்கள் நிறையப் பேர். அதுவும் கூடுதல் இறுக்கம்தான். எங்கள் பக்க ஈரத்துக்கு நட் துருப்பிடிக்கும், உடனே கிறீஸ் பூசத் தோன்றும். பூசாதீர்கள். 103 என்பது காய்ந்த புரிக்கான கணக்கு. கிறீஸ் பட்டால் அதே 103இல் ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் போதும். வேலை முடிந்ததும் அளவை 28க்கு இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் சோர்ந்துவிடும்.

அந்த வீலின் நான்கு ஸ்டட்டையும் மாற்றினேன். கண்டிப் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. கராஜ் பாஸ் தன்னுடைய ரென்சால் இறுக்கித் தந்தார், அதையும் அதே அரிசி மூட்டையில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் விட்டேன்.