ஜூலா, கலோரியா, கரண்ட் யூனிட்டா?

காட்பாடில எங்க தெரு ப்ளஸ் ஒன் பசங்க நாலு பேருக்கு சாயந்தரம் பிசிக்ஸ் சொல்லித் தரேன், வேலை, ஆற்றல் பாடம் வந்தா எல்லாரும் மாட்டிக்கிறது அலகுலதான். பரீட்சைக்கு எதுன்னு கேட்டா கண்ண மூடிகினு ஜூல்னு சொல்வேன். ஒரு நியூட்டன் விசையால ஒரு மீட்டர் நகத்துனா ஒரு ஜூல், தள்ளுற வேலையோ சூடோ கரண்டோ நடுவுல வேற எண்ணால பெருக்க வேண்டியதே இல்ல.

ஆனா ஜூல் ரொம்ப பொடிசு. போன கோடைல தண்ணி வராதப்போ 15 லிட்டர் குடத்த மூணாவது மாடிக்கு தூக்கிகினு போனோம், பத்து மீட்டர்னு வச்சா 15 × 9.8 × 10, மொத்தம் 1470 ஜூல், எண்ணு பெருசா தெரியுது இல்ல? இபி மீட்டர்ல ஓடுற ஒரு யூனிட், அதான் ஒரு கிலோவாட் அவர், 36 லட்சம் ஜூல். அதே தண்ணிய கிட்டத்தட்ட 2450 தடவ மேல ஏத்துற வேலை அது, நம்ம உடம்ப தூக்குற வேலைய சேர்க்காமலே. வீட்டுச் செலவுக்கு யூனிட்தான் சரி. அத "கிலோவாட் பெர் அவர்"னு மட்டும் எழுதாதீங்கப்பா, வகுக்கல, பெருக்குறோம்.

கலோரி தண்ணிக்காகவே பொறந்தது, ஒரு கிராம் தண்ணிய ஒரு டிகிரி சூடேத்த ஒரு கலோரி, 4.18 ஜூல். 1840கள்ல ஜூல்ங்கிற விஞ்ஞானி, அவர் பேர்தான் அலகுக்கு, எடைய கீழ இறக்கி, அதால தண்ணிக்குள்ள துடுப்ப சுத்த விட்டு, சூடு ஏறுறத அளந்துதான் இந்த உறவ புடிச்சாரு. சாப்பாட்டுல சொல்ற கலோரி கிலோ கலோரி, நூறு கிராம் சோறு சுமார் 130னா 1,30,000 சின்ன கலோரி, இங்கதான் பசங்க ஆயிரம் மடங்கு தப்பு விடறாங்க.

எர்க் ஒரு ஜூல்ல கோடில ஒரு பங்கு, பாடத்துல அவ்ளோ வராது, வானியல் கட்டுரைங்கள்ல இன்னும் ஓடுது. எலக்ட்ரான் வோல்ட் அணுவுக்குள்ள போறப்போ பாத்துக்கலாம்.

ஜூல், கலோரி, யூனிட் மூணையும் ஒண்ணா பாக்கணும்னா கெட்டில போடுங்க. ஒரு லிட்டர் தண்ணி 30 டிகிரில இருந்து 100க்கு போக 70 கிலோ கலோரி, 2.93 லட்சம் ஜூல், 0.08 யூனிட். 1500 வாட் கெட்டில்ல 195 செகண்ட் வரணும், எங்க வீட்ல வாட்ச்ச வச்சு பாத்தா நாலு நிமிஷம் ஆச்சு, மிச்சமெல்லாம் கெட்டிலயும் காத்தையும் சூடாக்கவே போயிடுச்சி.