டிசெம்பரில் புறாமலைப் பயணம் விற்றால் வாங்காதீர்கள்

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வருகிறார்களா? இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

போன டிசெம்பரில் அக்கா குடும்பம் கனடாவிலிருந்து வந்தது. எங்கள் திருகோணமலைக் கரையில் நிலாவெளியில் தங்கல், அதற்கு எதிரே உள்ள புறாமலைத் தீவில் ஸ்நோர்க்கலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக் கடலுக்கடியில் பார்ப்பது), திமிங்கிலம் பார்க்கப் படகு எல்லாம் சேர்த்து ஒரு பயண முகவருக்கு முழுப்பணமும் முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். விளம்பரத்தில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மழை கொட்டும் வாடைக்காலத்தில் அந்தக் கடலை எங்கே போய்த் தேடுவது?

நிலாவெளிக்குப் போனால் படகுகளை மணலில் ஏற்றிப் படங்கு போட்டு மூடி, மேலே கயிறு கட்டியிருக்கிறார்கள். "சித்திரை கழியட்டும் தம்பி, அப்ப வாங்க" என்றார் படகுக்காரர் ஒருவர்.

முகவருக்குப் போன் அடித்தோம். "மழை என்ர கையிலயா இருக்கு அண்ணை? பற்றுச்சீட்டைப் பாருங்கோ." பார்த்தால், வானிலையால் ரத்தானால் பணம் திரும்பாது என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. பதிலுக்குக் கோணேஸ்வரம் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் காட்டுவாராம். நாங்கள் ஆட்டோவில் போய்வரும் இடங்கள்! (கொட்டுகிற மழையில் வெந்நீர்க் கிணற்றில் அள்ளி ஊற்றிக் குளித்ததில் பிள்ளைகளுக்கு மட்டும் சந்தோஷம்.)

எனக்குக் கோபம் மழையில் இல்லை. புறாமலை நுழைவுச்சீட்டை அன்றன்று நிலாவெளியில் வனஜீவராசிகள் திணைக்களக் கவுண்டரில்தான் வழக்கமாக எடுப்பார்கள். படகுக்கூலியும் ஏறுகிற அன்றுதான். ஆக, அந்த மனுசன் இரண்டுக்கும் ஒரு சதம்கூடச் செலவழிக்கவில்லை. பிறகு எந்தப் பணம் திரும்பாது?

இங்கே ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசெம்பருக்குள் கொட்டிவிடும். மே முதல் செப்டெம்பர் வரைதான் எங்கள் கடல் அமைதி, திமிங்கிலமும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். டிசெம்பரில் கடலும் திமிங்கிலமும் வேண்டுமென்றால் தெற்கே மிரிஸ்ஸ போகலாம். ஜூலையில் தலைகீழ்: தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கரை கொந்தளிக்கும். அப்போது அந்தப் பக்கத்து ஹிக்கடுவைக் கடலில் குளிக்கலாம் என்று யாராவது விற்றாலும் இதே கதைதான்.

விடுதிக்கு மட்டும் முற்பணம் கட்டுங்கள். படகுக்குக் கரையில் வைத்துக் கொடுத்தால் போதும். சேர்த்துத்தான் விற்போம் என்றால், படகு ஓடாவிட்டால் அந்தப் பங்கு திரும்பும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் "பார்த்துச் செய்வம் அக்கா" என்று வருகிற பதிலை நம்பவேண்டாம். எங்களுக்கும் அதுதான் வந்தது.