செகண்ட் ஹேண்ட் தார்: ரீகாலும், ரீகாலில் வராத கோளாறுகளும்

2020, 2021 மாடல் மகிந்திரா தார் டீசல் வண்டிகள் இப்போது பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் பக்கம் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துக்கும் இட்டேரிக்கும் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) ஏற்ற வண்டிதான், எடுக்கலாம். லேடர் ஃபிரேம், 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜின், லோ ரேஞ்ச் கியர் எல்லாமே கட்டுறுதியானவை. ஆனால் வாங்க வருகிறவர்கள் ரீகால் உண்டா, அதாவது கோளாறைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்ததா என்று மட்டும் கேட்கிறார்கள். ரீகால் வந்த கோளாறு இலவசமாகச் சரியாகிவிடும். பர்ஸைக் காலி செய்வது ரீகால் வராத கோளாறுதான்.

முதலில் ரீகாலை முடித்துவிடுவோம். 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரான 1,577 டீசல் தார்களை கேம்ஷாஃப்ட் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) சோதனைக்காக மகிந்திரா திரும்ப அழைத்தது. கேம்ஷாஃப்ட் செய்துகொடுத்த சப்ளையரின் ஆலையில் ஒரு மெஷின் செட்டிங் தவறியதுதான் காரணம். (லேத் பட்டறைகள் நிறைந்த கோயமுத்தூருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) வண்டி 2021-இல் பதிவாகியிருந்தாலும் 2020-இல் தயாரானதாக இருக்கலாம், அதனால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 17 இலக்க சேசிஸ் எண்ணை ஏதாவதொரு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று சிஸ்டத்தில் பார்த்துச் சொல்வார்கள். விற்பவரின் வாய்ப்பேச்சு போதாது, ஜாப் கார்டு நகலைக் கேளுங்கள். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைக்கச் சொல்லி, காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். மேல்பக்கம் டிக் டிக் சத்தம் ஒரு நிமிடத்துக்கு மேலும் அடங்காவிட்டால் வால்வ் கவரைத் திறந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இனி டிபிஎஃப். பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இது. பிடித்த கரியை வண்டி தானாகவே எரித்துக்கொள்ளும். அதற்கு வடிகட்டியின் சூடு கிட்டத்தட்ட 600 டிகிரிக்கு ஏற வேண்டும். வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோப்புக்குப் போய் வருகிற வண்டியில் அந்தச் சூடு வரவே வராது. எரிக்க ஆரம்பிக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். அடுத்த முறை மறுபடி தொடங்கும், மறுபடி அணையும். இதற்கென்று கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால், டீசல் வாசமும் அடித்தால், காரணம் இதுதான். அந்த ஆயில் நீர்த்துப்போனது, பேரிங்கைத் தேய்த்துவிடும். உடனே மாற்றுங்கள்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே அவிநாசி பக்கம் பைபாஸில் ஏறி, 60-க்கு மேல் ஒரே சீராக, 2,000 ஆர்.பி.எம். குறையாமல் 20 நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாமல் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஸ்கேனர் மாட்டி நின்றபடியே எரிக்க வைக்க வேண்டும். ஆயில் டிபிஎஃப்-க்கு ஏற்ற, சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும், மலிவு ஆயில் வடிகட்டியை நிரந்தரமாக அடைத்துவிடும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு புரோகிராம் மாற்றித் தருகிறோம் என்பார்கள். அது சட்டவிரோதம், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் பாதுகாப்பு விஷயம் ஒன்று உண்டு. கரி எரியும் நேரத்தில் வண்டியின் அடிப்பாகம் கொதிக்கும். அப்போது கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலம்) காய்ந்த கொழுக்கட்டைப் புல் மேலோ, தென்னை நார்க்கழிவுக் குவியல் பக்கமோ நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறி, ஃபேன் சத்தம் கூடியிருந்தால் வெறும் மண் தரையைப் பார்த்து நிறுத்துங்கள். நார் மில் பக்கம் ஓடிய வண்டியென்றால் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், மெத்தை போலத் தூசி படிந்திருக்கும். பிரஷர் வாஷரை நேராக அடித்தால் ஃபின் மடங்கிவிடும். சாதா ஓஸில், உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும்.

பல்லடம், அவிநாசி போர் தண்ணீரை கூலன்டில் கலக்கவே கூடாது. உப்பு படிந்து ரேடியேட்டர் உள்ளே அடைத்துக்கொள்ளும். அடிப்பாகத்தையும் அதே தண்ணீரில் கழுவிய வண்டிகளில் கதவுக் கீல் போல்ட், ஃபிரேமின் உட்பக்கம் எல்லாம் துருவைத் தேடுங்கள். முதல் வருட வண்டிகளில் துருவும் ஹார்ட் டாப் ஒழுகலும் உரிமையாளர்கள் பரவலாகச் சொன்ன குறைகள். கால்மிதியைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய ஒழுகல் தெரிந்துவிடும்.

ஃபோர் வீலில் வரும் பல பழுதுக்கும் ஓட்டுபவரே காரணம். தாரில் நடு டிஃபரன்ஷியல் (முன் பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) கிடையாது. 4ஹெச் (ஃபோர் வீல் ஹை) போட்டுத் தார் ரோட்டில் திருப்பினால் முன் பின் சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். ஸ்டீயரிங் கனத்து, டயர் தத்தும், டிரான்ஸ்ஃபர் கேஸும் ஜாயிண்டுகளும் அடிவாங்கும். மண், சேறு, ஈரப்புல்லில் மட்டும் போடுங்கள். 4எல் (ஃபோர் வீல் லோ) போட வண்டி நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ட்ரையல் பார்க்கும்போது இரண்டையும் போட்டு எடுத்துப் பாருங்கள். லிவர் இறுகியிருந்தால் வருஷக்கணக்கில் யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

பின்னால் மெக்கானிக்கல் லாக் (இரு பின் சக்கரங்களையும் சேர்த்துச் சுற்ற வைப்பது) உள்ள வண்டியில், ஒரு சக்கரம் சேற்றில் சுற்றத் தொடங்கியதும் டொக்கென்று சத்தம் வரும். அது பழுது அல்ல, லாக் விழுகிற சத்தம். சக்கரம் சுற்றுகிறதே என்று ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவதால்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். சீராக அழுத்திப் பிடித்தால் பிடித்துக்கொள்ளும்.

ஓடைத் தண்ணீரில் 650 மி.மீ. வரை இறங்கலாம் என்பது கம்பெனிக் கணக்கு. சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் திடீரென்று குளிர்ந்தால் பிரீதர் (காற்றுப் போகும் சிறு துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. பின் பிரேக் டிரம் வகை, சேறு உள்ளேயே தங்கும். அப்படியே வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கக் கூடாது, டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு இறங்கலாம். அப்போதும் பிரேக்கையே நம்பாமல் இரண்டாம் கியர்.

கிளுவை வேலி உரசிய வண்டியில் முன்சக்கர ஜாயிண்டின் ரப்பர் பூட்டை (கிரீஸை மூடிவைக்கும் உறை) விரலால் தடவிப் பாருங்கள். கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது கடகடவென்று கேட்கும். சத்தம் வருமுன் பூட்டை மட்டும் மாற்றினால் போதும், சத்தம் வந்த பிறகு ஜாயிண்டே செலவு. கரிசல் காட்டிலிருந்து வந்த வண்டி 80-இல் ஆடினால் அலைன்மென்ட் கடைக்கு ஓடுமுன் ரிம்மின் உட்பக்கம் ஒட்டிய மண்ணைச் சுரண்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.