எஸ்கியூஎல் சர்வரைத் தேடிப் பிடிக்க: ரெஜிஸ்ட்ரியா, டபிள்யூஎம்ஐயா?

பில்லிங் மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்க ஒரு பேக்கப் கருவி எழுத வேண்டியிருந்தது. பில் தரவு இருப்பது மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில். ஒரே கணினியில் அதைப் பல தடவை நிறுவலாம், ஒவ்வொரு நிறுவலும் ஓர் இன்ஸ்டன்ஸ். தரவு எம்டிஎஃப் என்ற வகைக் கோப்புகளில் இருக்கும். கடைக்காரரிடம் போய் "உங்கள் இன்ஸ்டன்ஸ் பெயர் என்ன, எம்டிஎஃப் கோப்பு எந்த டிரைவில் இருக்கிறது" என்று கேட்க முடியாது. எஸ்கியூஎல் சர்வர் இருக்கிறதா, எத்தனை இன்ஸ்டன்ஸ், எந்தப் பதிப்பு, கோப்புகள் எங்கே என்பதையெல்லாம் நிரலே கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸில் இதற்குப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நாங்கள் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தில், வந்து நின்றோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமாகவே சாயும்.

முதலில், கழித்துக் கட்ட வேண்டியவை. மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் இருக்கும் எஸ்கியூஎல் டேட்டா சோர்ஸ் எனுமரேட்டர் பார்க்க அழகாக இருக்கும். ஒரே வரியில் பட்டியல் தருகிறது. ஆனால் அது யூடிபி 1434 போர்ட்டில் குரல் கொடுத்துவிட்டு, யார் பதில் சொல்கிறார்கள் என்று காத்திருக்கும் வகை. அதற்குப் பதில் சொல்லும் எஸ்கியூஎல் பிரவுசர் சேவை ஓடவில்லை என்றாலோ, ஃபயர்வால் குறுக்கே நின்றாலோ பட்டியல் காலி. ஒருமுறை வந்த பட்டியலே மறுமுறையும் வரும் என்று மைக்ரோசாஃப்ட்டே உத்தரவாதம் தருவதில்லை. கோப்பு எங்கே என்று அது சொல்லவும் சொல்லாது. அடுத்தது, நிறுவிய மென்பொருள்களைப் பட்டியலிடும் வின்32 புராடக்ட் வினவல். அதைத் தொடவே வேண்டாம். கணினியில் உள்ள ஒவ்வொரு எம்எஸ்ஐ நிறுவல் தொகுப்பையும் அது சரிபார்க்க ஆரம்பித்துவிடும், சிலவற்றைப் பழுதுபார்க்கவும் இறங்கும். அப்புறம், சி டிரைவ் முழுக்க எம்டிஎஃப் தேடுவது. இதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

மிச்சம் இருப்பவை இரண்டுதான்: டபிள்யூஎம்ஐ (கணினியைப் பற்றிய தகவல்களை வினவிப் பெற விண்டோஸ் தரும் வசதி), ரெஜிஸ்ட்ரி.

டபிள்யூஎம்ஐயில் நல்ல விஷயங்கள் உண்டு. எஸ்கியூஎல் சர்வீஸ் என்ற வகுப்பை வினவினால் சேவையின் பெயர், அது ஓடுகிறதா நிற்கிறதா, எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சர்வீஸ் டைப் 1 என்று வடிகட்டினால் டேட்டாபேஸ் எஞ்சின் மட்டும் வரும். கூடவே இருக்கும் அட்வான்ஸ்டு பிராப்பர்ட்டி வகுப்பில் பதிப்பு எண், எடிஷன் பெயர், டேட்டா பாதை எல்லாம் உண்டு. வேறு கணினியைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இது வசதி. உங்கள் வேலை ஒரு நிறுவனத்தின் உள்வலையில் இருக்கும் சர்வர்களைக் கணக்கெடுப்பது என்றால், தயங்காமல் இதையே எடுங்கள்.

எங்களுக்கு இது ஒத்துவராமல் போனது பராமரிப்பால். எஸ்கியூஎல் சர்வரின் டபிள்யூஎம்ஐ நேம்ஸ்பேஸ், அதாவது அந்த வகுப்புகள் இருக்கும் இடத்தின் பெயர், பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. 2005-க்கு வெறும் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட். 2008-க்கு அதன் வாலில் 10. 2012-க்கு 11, 2014-க்கு 12, 2016-க்கு 13, 2017-க்கு 14, 2019-க்கு 15, 2022-க்கு 16. எண்ணை நிரலில் எழுதி வைத்தால் புதுப் பதிப்பு வரும் போதெல்லாம் கருவியையும் புதுப்பித்து, எல்லாக் கடைகளுக்கும் அனுப்ப வேண்டும். சரி, எண்ணை எழுதாமல் மேல் நேம்ஸ்பேஸின் கீழ் என்னென்ன இருக்கின்றன என்று நிரலே பட்டியல் எடுக்கட்டும் என்றால், அதுவும் முடியும். ஆனால் சர்வரை நீக்கிய பிறகும் சில கணினிகளில் பழைய நேம்ஸ்பேஸ் எச்சமாக நிற்கிறது, எதை நம்புவது என்ற கேள்வி வருகிறது.

இதைவிடப் பெரிய தலைவலி, இருக்க வேண்டிய வகுப்பே காணாமல் போவது. ஒரே கணினியில் இரண்டு இன்ஸ்டன்ஸ் இருந்து ஒன்றை நீக்கினால், இரண்டுக்கும் பொதுவான எம்ஓஎஃப் பதிவும் (டபிள்யூஎம்ஐக்கு வகுப்புகளை அறிமுகப்படுத்தும் பதிவு) சேர்ந்து போய்விடுவதுண்டு. மிஞ்சிய இன்ஸ்டன்ஸ் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், பில் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் டபிள்யூஎம்ஐயைக் கேட்டால் கைவிரித்துவிடும். எஸ்கியூஎல் சர்வரின் சொந்த கான்ஃபிகரேஷன் மேனேஜரே அப்போது திறக்காது. மாஃப்காம்ப் கட்டளையால் அந்தப் பதிவைத் திரும்ப ஏற்றினால் சரியாகிவிடும். ஆனால் கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கச் சொல்லி அதை யார் விளக்குவது?

ரெஜிஸ்ட்ரியில் இந்த ஆட்டம் இல்லை. லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர், இன்ஸ்டன்ஸ் நேம்ஸ், எஸ்கியூஎல் என்று இறங்கினால் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். இடப்பக்கம் இன்ஸ்டன்ஸ் பெயர், வலப்பக்கம் அதன் அடையாளம். இலவச எடிஷனான எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் 2019 என்றால் 'எம்எஸ்எஸ்கியூஎல்15.எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ்' என்று நிற்கும். 2005 பதிப்பில் அந்த அடையாளம் வேறு பாணியில், புள்ளி வைத்து 1, 2 என்று இருந்தது. ஆனால் பட்டியல் இருக்கும் இடம் 2005 முதல் 2022 வரை மாறவில்லை. இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. எந்தப் பதிப்பு வந்தாலும், பெயரை எடு, அடையாளத்தைப் படி, அந்தப் பெயரிலேயே இருக்கும் கீயை (ரெஜிஸ்ட்ரியின் ஃபோல்டர்) திற. நிரல் அவ்வளவுதான். சேவை நின்றிருந்தாலும் பதில் வரும், லாகின் கேட்காது, பட்டியலைப் படிக்க அட்மின் உரிமையும் தேவையில்லை. பேக்கப் கருவியைத் தேடி வருபவருக்குப் பெரும்பாலும் சர்வர் படுத்துக் கிடக்கும் நேரம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அடையாளக் கீயின் உள்ளே செட்டப் என்ற கிளையில் பதிப்பு, எடிஷன், எஸ்கியூஎல் டேட்டா ரூட் இருக்கும். எம்எஸ்எஸ்கியூஎல்சர்வர் என்ற கிளையில் டிஃபால்ட் டேட்டா, டிஃபால்ட் லாக், பேக்கப் டைரக்டரி. டிஃபால்ட் டேட்டா சில கணினிகளில் எழுதப்பட்டே இருக்காது. அப்போது டேட்டா ரூட்டை எடுத்து அதன் பின்னால் டேட்டா ஃபோல்டரை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு பள்ளம் உண்டு. 64 பிட் விண்டோஸில் உங்கள் நிரல் 32 பிட்டாக ஓடினால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை 32 பிட் நிரல்களுக்கான வாவ்6432நோட் கிளைக்குத் திருப்பிவிடும். அங்கே போய்ப் பார்த்தால் 64 பிட் சர்வரின் பட்டியல் இருக்காது. பிழையும் வராது, 'சர்வர் இல்லை' என்றே தோன்றும். விஷுவல் ஸ்டுடியோ 2012-இலிருந்து 'எனி சிபியு' புராஜெக்ட்டிலும் 'பிரிஃபர் 32 பிட்' டிக் போட்டே வரும் என்பதால் இதில் விழுவது சுலபம். டாட்நெட் 4 முதல் ரெஜிஸ்ட்ரி வியூ என்று ஒன்று இருக்கிறது, அதில் 64 பிட் பார்வையைக் குறிப்பிட்டுத் திறக்கலாம். இரண்டு பார்வைகளையும் படித்துவிடுவது நல்லது. 2014 பதிப்பு வரை 32 பிட் எக்ஸ்பிரஸ் வந்தது, பழைய கடைகளில் அது இன்னும் ஓடுகிறது.

ரெஜிஸ்ட்ரியால் முடியாத ஒன்றும் இருக்கிறது. அது சொல்வது புதிதாக டேட்டாபேஸ் உருவாக்கினால் எங்கே போகும் என்பதை மட்டும். உங்கள் டேட்டாபேஸ் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது வேறு. யாராவது கோப்பை டி டிரைவுக்கு மாற்றி சர்வரோடு மீண்டும் இணைத்திருக்கலாம் (அட்டாச்). 2016-ஐ அதே இடத்தில் 2019-ஆக மேம்படுத்தியிருந்தால் அடையாளம் 15 ஆகிவிடும், பழைய டேட்டாபேஸ் கோப்புகள் 13 என்ற ஃபோல்டரிலேயே கிடக்கும். அதனால் அடையாளத்தை வைத்து புரோகிராம் ஃபைல்ஸ் பாதையை நீங்களே கட்டிக்கொள்ளாதீர்கள். சர்வர் ஓடினால் அதையே கேளுங்கள்: சிஸ்.மாஸ்டர்_ஃபைல்ஸ் காட்சியில் ஒவ்வொரு கோப்பின் முழுப் பாதையும் இருக்கிறது, ஆனால் கேட்பவருக்கு வியூ எனி டெஃபினிஷன் போன்ற உரிமை வேண்டும். டிஃபால்ட் பாதை மட்டும் போதுமென்றால் 2012 முதல் சர்வர்பிராப்பர்ட்டி செயல்கூறிலேயே கிடைக்கிறது, பேக்கப் பாதை 2019 முதல். சர்வர் நின்றிருந்தால் பாராமீட்டர்ஸ் கீயைப் பாருங்கள். எஸ்கியூஎல்ஆர்க் என்ற பெயர்களில் மாஸ்டர் டேட்டாபேஸின் பாதையும் எரர்லாக் பாதையும் இருக்கும். மாஸ்டர் இருக்கும் ஃபோல்டரிலேயே மற்றவையும் இருக்க வாய்ப்பு அதிகம், நிச்சயம் இல்லை.

ஆக எங்கள் கருவியில் இன்ஸ்டன்ஸைக் கண்டுபிடிப்பது ரெஜிஸ்ட்ரி, கோப்பைக் கண்டுபிடிப்பது வினவல், டபிள்யூஎம்ஐக்கு வேலை இல்லை. சேவை ஓடுகிறதா என்று பார்க்க சர்வீஸ் கன்ட்ரோலர் வகுப்பே போதும். பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் என்றால் சேவைப் பெயரின் நடுவில் டாலர் குறி வரும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு கணினி விழுந்தால் இன்னொன்று வேலையை ஏற்கும் ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் நான் இதைப் பெரிதாக ஓட்டிப் பார்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நிரலாளர்களுக்கான சின்ன எஸ்கியூஎல் சர்வர் வடிவமான லோக்கல்டிபி இந்தக் கணக்குக்கு வெளியே. அதற்குச் சேவை கிடையாது, மேலே சொன்ன பட்டியலிலும் வராது. அதற்கென்று தனி ரெஜிஸ்ட்ரி கீ இருக்கிறது, எஸ்கியூஎல்லோக்கல்டிபி கட்டளையும் இருக்கிறது. அதன் சிஸ்டம் கோப்புகள் அந்தந்தப் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருப்பதால், வேறு பயனராக ஓடும் கருவி அதைப் பார்க்காமலே போய்விடும். 2017-இலிருந்து லினக்ஸில் ஓடும் சர்வருக்கு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி ஏது? அங்கே வார், ஆப்ட், எம்எஸ்எஸ்கியூஎல் என்ற பாதையின் கீழ் எம்எஸ்எஸ்கியூஎல்.கான்ஃப் கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். டேட்டா ஃபோல்டரை யாரும் மாற்றவில்லை என்றால் கோப்புகளும் அதே இடத்தில் டேட்டா என்ற ஃபோல்டரில்தான் இருக்கும்.