இரண்டு நீல மக்காவ், ஒரே பயணம்: பாண்டனாலும் கனுடோஸும்

பிரேசிலின் நீல மக்காவ் கிளிகளில் ஹயசிந்த், லியர் என்ற இரண்டு இனங்களைக் காட்டும் பறவைப் பயணம் ஒன்றில் போய் வந்தேன். வழிகாட்டி தங்கமான மனிதர், சாப்பாடும் வண்டியும் நன்றாகவே இருந்தன. எனக்கு வருத்தம் நாட்களைப் பிரித்த விதத்தில்தான்.

பாண்டனால் என்ற பெரிய சதுப்புநிலத்தில் ஐந்து இரவு. அங்கே ஹயசிந்த் மக்காவைப் பார்க்க மெனக்கெடவே வேண்டாம், தங்கிய பண்ணை விடுதியின் வாசலிலேயே ஒரு ஜோடி மாட்டுச் சாணத்தைக் கிளறிக்கொண்டிருந்தது. அக்குரிப் பனையின் காயை மாடு தின்றால் சதை செரித்துக் கொட்டை மட்டும் வெளியே வந்துவிடும், அந்தக் கொட்டையைக் காலில் பிடித்து உருட்டி உருட்டி, வாகான இடம் கிடைத்ததும் கறுத்த அலகால் படக்கென்று உடைக்கிறது. ஒரு மீட்டர் நீளம், பறக்கும் கிளிகளில் இதைவிட நீளமானது இல்லை. 1980களில் கூண்டில் வளர்க்க இதை ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். உயிரியலாளர் நெய்வா கெடெஸ் 1990இல் தொடங்கிய திட்டத்தில் மரங்களில் கூடுபெட்டி வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள், உலகச் சிவப்புப் பட்டியலில் 2014இல் 'அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த 'அழிவாய்ப்பு இனம்' என்ற நிலைக்கு முன்னேறியது. ஆனால் கூடு வைக்க இதற்கு மந்துவி மரப்பொந்துதான் பிடிக்கும், பொந்து விழ அந்த மரத்துக்கு அறுபது வயதாவது ஆக வேண்டும். 2020இல் பாண்டனால் காட்டுத்தீயில் எரிந்ததை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அப்புறம் பாஹியா மாநிலத்தின் கனுடோஸ். விடியும் முன்பே ஜீப்பில் போய் செம்பாறை விளிம்பில் இருட்டில் உட்கார்ந்தோம். வெளிச்சம் வந்ததும் பாறைப் பொந்துகளிலிருந்து லியர் மக்காவ் கூட்டம் கத்திக்கொண்டே கிளம்பியது, என் கண்ணுக்குக் கீழே பறக்கிறது! ஹயசிந்தைவிடச் சிறியது, தலை கொஞ்சம் பச்சை கலந்த மங்கல் நீலம், அலகின் ஓரத்தில் மஞ்சள் முக்கோணம். 1856இலேயே பெயர் வைத்துவிட்டார்கள், காட்டில் எங்கே வாழ்கிறது என்பதை பறவையியலாளர் ஹெல்முட் சிக் 1978இல்தான் கண்டுபிடித்தார். 1980களில் எண்ணியபோது நூறுகூட இல்லை, இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2009இல் 'மிக அருகிய இனம்' பட்டியலிலிருந்து 'அருகிய இனம்' ஆனது. எண்ணிக்கை கூடியும் அதற்கு மேல் நகராததற்குக் காரணம் உண்டு: கிட்டத்தட்ட எல்லாமே இருப்பது பாஹியாவின் ஒரே வட்டாரத்தில், முக்கிய உணவான லிகுரிப் பனையின் கன்றுகளை ஆடுமாடு மேய்ந்துவிடுகிறது, மின்கம்பியில் அடிபட்டும் சாகின்றன.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரே ஒரு இரவு ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அது மனசே ஆறவில்லை. மறுநாள் காலை மேகமாக இருந்திருந்தால் அவ்வளவுதான். நீங்கள் போவதானால் பாண்டனாலில் ஒரு இரவைக் குறைத்து, கனுடோஸில் இரண்டு இரவு வேண்டும் என்று முன்பணம் கட்டும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.