சிசிடி படங்களை அளக்க எதை நிறுவுவது: ஃபிஜி, ஆஸ்ட்ரோபை, ஐராஃப்

ஃபிஜி, பட அளவீட்டு மென்பொருள்; ஆஸ்ட்ரோபை, பைத்தானின் வானியல் நூலகம்; ஐராஃப், பழைய வானியல் மென்பொருள் தொகுப்பு. தொலைநோக்கியில் மாட்டிய சிசிடி (ஒளியை எண்ணாக்கும் சென்சார்) கேமராவின் ஃபிட்ஸ் கோப்பை, அதாவது வானியலின் வழக்கமான படக் கோப்பை, திறந்து பார்ப்பது மட்டுமே வேலை என்றால் மூன்றில் எதுவும் போதும். பிக்சலிலிருந்து நம்பகமான எண் வேண்டும் என்றால்தான் வித்தியாசம் தெரியும்.

ஃபிஜிக்கு ஜிப்பை இறக்கி விரித்தால் வேலை முடிந்தது. ஜாவா கூடவே வருகிறது. விண்டோஸில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே மட்டும் வைக்காதீர்கள். அங்கே எழுத அனுமதி கிடைக்காமல் அப்டேட்டர் நின்றுவிடும். 4096 × 4096 படம் 32-பிட்டில் சுமார் 64 எம்பி. நூறு படம் அடுக்கினால் 6 ஜிபி தாண்டும். ‘மெமரி அண்ட் த்ரெட்ஸ்’ அமைப்பில் அளவைக் கூட்டி, மூடித் திறக்க வேண்டும். விண்மீன் ஒளியளவுதான் நோக்கம் என்றால், இதே இமேஜ்ஜே குடும்பத்து ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே இன்னும் பொருத்தம்.

தினசரி வேலைக்கு எங்கள் தேர்வு பைத்தானில் ஓடும் ஆஸ்ட்ரோபை. உபுண்டு 24.04-இல் நேரடியாகப் ‘பிப்’ (பைத்தான் பொதிகளை நிறுவும் கட்டளை) போட்டால், ‘இந்தச் சூழலை இயங்குதளம் நிர்வகிக்கிறது’ என்று மறுக்கும். வற்புறுத்தி நிறுவினால் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் உடையலாம். ‘வென்வ்’ கொண்டு தனிச் சூழல் உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்தபின் ஆஸ்ட்ரோபை, சிசிடிபிராக் (சிசிடி படங்களைத் திருத்த), ஃபோட்யூட்டில்ஸ் (ஒளியளவு எடுக்க) மூன்றையும் நிறுவுங்கள். விண்டோஸில் ‘விஷுவல் சி++ 14 தேவை’ என்று வந்தால் கம்பைலரைத் தேடி ஓட வேண்டாம். சிசிடிபிராக் இழுத்துவரும் ஆஸ்ட்ரோஸ்கிராப்பிக்கு, அண்மையில் வெளியான பைத்தானுக்கான ஆயத்தப் பொதி இன்னும் வந்திருக்காது. ஒரு பதிப்பு பின்னால் போனால் சரியாகும்.

ஐராஃப் 1980-களில் அமெரிக்காவின் டூசானில் வளர்ந்தது. இன்று தன்னார்வலர்கள் காக்கிறார்கள். பழைய ஐராஃப் ஸ்கிரிப்ட் கையில் இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். டெபியன், உபுண்டுவில் ‘ஆப்ட்’ மூலமே கிடைக்கும். கூடவே படம் காட்டும் டிஎஸ்9, வரைபடம் காட்டும் முனையமான எக்ஸ்ஜிடெர்ம் வேண்டும். ஆஸ்ட்ரோகொண்டா என்ற பழைய மென்பொருள் தொகுப்பு வழியாகப் போகச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் காலாவதி. படத்தின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தால், லாகின் கோப்பில் ‘எஸ்டிடிஇமேஜ்’ மதிப்பைச் சிப்பின் அளவுக்கு உயர்த்துங்கள்.

நிறுவியதும் ஒரு கழித்தல் போட்டுப் பாருங்கள். பிக்சல் 300, பயஸ் (ஒளி படாமலே கேமரா தரும் அடிப்படை எண்) 310, விடை −10. கோப்பிலிருந்து எடுத்த, எதிர்மறை ஏற்காத 16-பிட் எண்களை அப்படியே கழித்தால் பைத்தான் 65526 தரும்; முதலில் ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்ற வேண்டும். ஃபிஜியின் இமேஜ் கால்குலேட்டர், படங்கள் 16-பிட்டாகத் திறந்திருந்து ‘32-பிட் ஃப்ளோட் ரிசல்ட்’ பெட்டியை டிக் செய்யாவிட்டால், 0 தரும். ஐராஃபிலும் சிசிடிபிராக் என்றே பெயர் கொண்ட வேறொரு கட்டளை உண்டு; அது இயல்பிலேயே தசம எண்ணாக எழுதுவதால் −10 கிடைக்கும்.

இவற்றில் 0-தான் ஆபத்து. 65526 வெள்ளைப் புள்ளியாகக் கண்ணில் படும். 0 சத்தமில்லாமல் வானப் பின்னணியின் சராசரியை ஏற்றிவிடும். அதனால் இரண்டு பயஸ் படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழியுங்கள். சராசரி 0-ஐ ஒட்டியும், ஏறக்குறைய பாதிப் பிக்சல்கள் எதிர்மறையாகவும் இருக்க வேண்டும். அந்தப் படத்தின் திட்ட விலக்கத்தை 1.414-ஆல் வகுத்து, கெயினால் (ஓர் எண்ணுக்கு எத்தனை எலக்ட்ரான் என்ற மதிப்பு) பெருக்கினால் எலக்ட்ரான் கணக்கில் ரீட் நாய்ஸ், அதாவது சிப்பைப் படிக்கும்போது சேரும் இரைச்சல், வரும். கேமராவின் விவரத்தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.